கோட்டைவாசல் முறை

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை எழும்பி இரண்டு தலைமுறை ஆகியிருந்த சமயம். கோட்டைக்குள் ஆள் குறைந்துபோயிற்று. பாதிச் சிப்பாய்களைச் சண்டைக்கென்று இலங்கைக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். மிச்சத்தில் பாதியைக் காய்ச்சல் கொண்டுபோனது. சுவர்மேல் பீரங்கி இருக்கிறது, பக்கத்தில் நிற்க ஆளில்லை. இது வெளியே தெரிந்தால் மானக்கேடு என்று கோட்டைத் தலைவன் கப்பித்தானுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து பன்னிரண்டு பேரைக் காவலுக்கு எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டான். கோட்டைவாசலில் நாலு பேர், படகுத்துறையில் நாலு பேர், கிடங்குக்கு வெளியே நாலு பேர். பகல் காவல் மட்டும்தான். இருட்டின பிறகு அவர்கள் நம்மை நம்புவதில்லை.

ஆள் சேர்க்கிற பொறுப்பு சடையன் தலையில் விழுந்தது. குப்பத்தில் பாடு கூப்பிடுகிறவன் அவன்தான். நாற்பது வயது, உரத்த குரல், யார் வீட்டுச் சண்டையானாலும் நடுவில் போய் நின்று இரண்டு பக்கத்திலும் திட்டு வாங்கிக்கொண்டு தீர்த்துவைக்கிற குணம். கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு நீங்கள் நம்பமாட்டீர்கள்.

பாடு என்றால் வேறொன்றுமில்லை, முறை. முகத்துவாரத்துக்கு உள்ளே நல்ல மீனும் இறாலும் விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். இஷ்டப்பட்டவன் இஷ்டப்பட்ட இடத்தில் வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் இன்றைக்கு இந்த இடம் இந்த வீட்டுக்கு, நாளைக்கு அடுத்த வீட்டுக்கு என்று முறை வைத்து, காலையில் கரையில் நின்று கூப்பிட்டுச் சொல்வார்கள். அந்த முறை வீட்டுக்குச் சொந்தம், ஆளுக்கு இல்லை. வீட்டுக்காரன் காய்ச்சலில் படுத்தால் தம்பி போவான். தம்பி இல்லாவிட்டால் பங்காளி போவான். யார் போனாலும் அது அந்த வீட்டுப் பாடுதான். போகாமல் விட்டால்தான் தப்பு.

சடையன் பன்னிரண்டு பேரைத் திரட்டினான். முதல் பெயராகத் தன் தங்கை புருஷன் அங்கமுத்துவைக் கொடுத்தான். அங்கமுத்துவுக்கு இதில் இஷ்டமே இல்லை. ஏரியும் வலையும் பெண்டாட்டி இருசம்மாளும் இரண்டு பெண் குழந்தைகளும் போதும் அவனுக்கு. ஆனால் சடையன் விடவில்லை. சொந்தத் தங்கை வீட்டு ஆளே வரவில்லை என்றால் மற்றவன் எவன் வருவான் என்று கேட்டான். அங்கமுத்து சொன்னால் கேட்கிற ஜாதி. சரி மச்சான் என்று வந்துவிட்டான்.

கோட்டைக்குள்ளே ஒரு எழுத்தன் தடித்த புத்தகத்தை விரித்துவைத்து ஒவ்வொருவன் பெயரையும் எழுதினான். பெயரோடு நிறுத்தாமல் ஆளை மேலும் கீழும் பார்த்து ஏதோ அடையாளமும் எழுதினான். அங்கமுத்துவின் இடதுகைச் சுண்டுவிரலில் நுனி கிடையாது, சின்ன வயதில் கயிறு இழுத்துக்கொண்டு போனது. எழுத்தன் அந்த விரலைத் தூக்கிப் பார்த்துவிட்டு எழுதினான். பிறகு கொடிக்குக் கீழே நிறுத்திக் கையை உயர்த்தச் சொன்னார்கள். எல்லோரும் உயர்த்தினார்கள். வாயில் நுழையாத ஏதோ ஒன்றைச் சொல்லச் சொன்னார்கள், சொன்னார்கள். சடையன் இடுப்பில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, இன்றுமுதல் இவன் இவர்களுக்குக் கொப்ரால், காவல் தலைவன் என்றார்கள்.

கோட்டையில் யாருக்கு மேல் யார் என்பதை அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தவன் கேசவன். அனுப்பம்பட்டுக்காரன், ஒல்லாந்தர் பேச்சைத் தமிழில் சொல்லுகிற துபாஷி. எல்லாருக்கும் உச்சியில் கவர்னர், அவருக்குக் கீழே கப்பித்தான், அப்புறம் லெப்தினான், கொடி பிடிக்கிறவன், சார்ஜந்து, கொப்ரால், கடைசியில் சாதாரணச் சிப்பாய். ஒவ்வொருவனும் தனக்கு மேலே இருப்பவன் சொன்னதைக் கேட்க வேண்டும், கீழே இருப்பவனுக்குச் சொல்ல வேண்டும். இது சடையனுக்கு நன்றாகவே புரிந்தது. ஏணிதானே. கேசவன் இன்னொன்றும் சொன்னான். இந்த ஏணியில் சேராத ஒருத்தன் உண்டு, கையில் கோல் வைத்திருப்பான், அவன் வேலை எதிரியைப் பிடிப்பதல்ல, சொந்தச் சிப்பாயைப் பிடிப்பது. குடித்தவன், திருடினவன், ஓடிப்போனவன் எல்லாரும் அவன் கணக்கு. கப்பித்தான் சொல்லி அவன் கேட்கமாட்டான், அவனுக்கு மேலே சட்டம் பார்க்கிற அதிகாரி தனி. இப்போது இராணுவப் போலீஸ் என்கிறோமே, அதேதான். இந்த இடத்தில் சடையன் காது கொடுக்கவில்லை. குப்பத்தில் மூண்டுவிடப் போகிற சண்டையை நினைத்துக்கொண்டிருந்தான்.

சண்டை என்ன என்றால், குப்பத்தில் முப்பத்தாறு வீடு. பன்னிரண்டு வீட்டுக்கு மட்டும் கோட்டை அரிசி வந்தால் மற்ற வீடு சும்மா இருக்குமா? சடையன் தனக்குத் தெரிந்த வழியில் யோசித்தான். காவலையும் பாடாக்கிவிட்டான். மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு வீட்டுக்குக் காவல் வரும், அரிசியும் அப்படியே பங்காகும். புத்தகத்தில் பன்னிரண்டு பெயர்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். காலையில் துறையில் நின்று, இன்னிக்கு நீ அங்கமுத்து, நீ பொன்னன் என்று பெயரைப் பிரித்துக் கொடுப்பான். ஜனங்கள் சிரிப்பார்கள். ஒருநாள் அங்கமுத்துவே வேறு பெயரில் போய் நின்றுவிட்டு வந்தான். சார்ஜந்து பருத்த மனுஷன், பொரித்த மடவை மீனென்றால் உயிரை விடுவான். வாசலுக்கு வந்து பன்னிரண்டு தலை இருக்கிறதா என்று பார்ப்பான், நிழலுக்குப் போய்விடுவான். அவன் கண்ணுக்கு நம் ஆட்கள் எல்லாருக்கும் ஒரே முகம்.

நாலு மாதம் இப்படி ஓடியது. குப்பத்தில் ஒரு சண்டை இல்லை. சடையனுக்கு உள்ளூரப் பெருமை, ஒல்லாந்தனுக்கே ஒழுங்கு கற்றுக்கொடுத்துவிட்டோம் என்று.

ஆனி மாதம் ஒரு கப்பல் வந்தது. அதில் புதுக் கோல்காரன் வந்து இறங்கினான். ஒல்லியான ஆள், சிரிக்கத் தெரியாத முகம். பழைய கோல்காரன் குடித்துக் குடித்தே செத்துப்போய் ஆறு மாதமாக அந்த இடம் காலியாகக் கிடந்தது. வந்த மறுநாளே தண்டோரா போட்டுவிட்டான். நாளைக் காலையில் புத்தகத்தில் பெயர் இருக்கிற அத்தனை பேரும் முற்றத்தில் வந்து நிற்க வேண்டும்.

இதைக் கேட்டு சடையன் பதறவில்லை. பெரிய இடத்திலிருந்து ஆள் வந்திருக்கிறான், மரியாதைக்குப் பெயர்க்காரர்களையே கூட்டிப் போவோம் என்று பன்னிரண்டு பேருக்கும் சொல்லியனுப்பினான். அதில் ஒன்று இடித்தது. மறுநாள் அங்கமுத்து வீட்டுக்கு ஏரியில் பாடு. அமாவாசை கழிந்த நீர், இறால் இறங்குகிற நாள். அங்கமுத்து அன்று சாயங்காலம் வந்து, கோட்டைக்கு நானே போய்விடுகிறேன், என் பாட்டை வேறு யாராவது பார்க்கட்டும் என்றுதான் சொன்னான். அவனாகச் சொன்னான். சடையன்தான் கேட்கவில்லை.

"இந்த மாதிரி நீர் ஒரு வருசத்துல எத்தினி வாட்டி வரும்? நீ ஏரிக்குப் போ மாப்ள. அவனுக்குப் பன்னண்டு தல இருந்தா போதும். ஒனக்குப் பதிலா சின்னதம்பிய நிக்க வெச்சுக்கறேன்."

சின்னதம்பி அங்கமுத்துவின் பெரியப்பா மகன். மறுநாள் காலை அவன் பன்னிரண்டில் ஒருவனாகப் போய் முற்றத்தில் நின்றான். கோல்காரன் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டான். அங்கமுத்து என்றதும் சின்னதம்பி ஒரு அடி முன்னால் வந்தான். கோல்காரன் புத்தகத்தைப் பார்த்தான், பிறகு கோல் நுனியால் அவன் இடதுகையைத் தூக்கினான். ஐந்து விரலும் பத்திரமாக இருந்தன.

அவ்வளவுதான். இரண்டு பேர் வந்து சின்னதம்பியின் தோளைப் பிடித்து வாசல் பக்கத்து அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அங்கமுத்து எங்கே என்று கேசவன் மூலமாகக் கேள்வி வந்தது. சடையன் ஒளிக்கவில்லை, ஏரியில் இருக்கிறான் என்றான். கேசவன் அதைச் சொன்னான். கோல்காரன் புத்தகத்தில் ஏதோ எழுதினான். என்ன எழுதினான் என்று சடையன் கேட்டதற்கு, ஓடிப்போனவன்னு எழுதிட்டான் என்றான் கேசவன். சடையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓடிப்போனவனா? கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வலை கட்டிக்கொண்டிருக்கிறான் அவன்.

குப்பத்துக்குச் செய்தி சடையனுக்கு முன்னால் போய்விட்டது. இருசம்மாள் கரையில் நின்று துணியை வீசி வீசிக் காட்டினாள். அங்கமுத்து வலையை அப்படியே விட்டுவிட்டுத் தோணியைத் திருப்பினான், ஆனால் வீட்டுப் பக்கம் அல்ல. அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போய் இறங்கி, அங்கிருந்து நடந்து காட்டூருக்குப் போய்விட்டான். அங்கே கங்காதரன் என்று ஒரு விவசாயி. வருஷா வருஷம் கருவாடு கொடுத்து நெல் வாங்குகிற பழக்கம். காட்டூர் ஒல்லாந்தர் எல்லைக்கு வெளியே. அங்கே ராஜா வேறு, சட்டம் வேறு. கோல்காரனின் கோல் அங்கே வெறும் குச்சி.

சடையன் சார்ஜந்துவிடம் ஓடினான். சார்ஜந்து கப்பித்தானிடம் போய்விட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினான். கோல்காரன் விஷயத்தில் கப்பித்தான் கை செல்லாதாம். இவ்வளவு பெரிய கோட்டை, அதன் பீரங்கிக்கெல்லாம் தலைவன், ஒரு ஒல்லிக்குச்சி ஆளைப் பார்த்து விடு என்று சொல்ல முடியாதாம். சடையன் இதை நம்பவில்லை. சாக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தான். சார்ஜந்து கேசவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னான். இரண்டு நாள் பொறு. ஓடினவன் வர வேண்டாம். ஒரு மாதம் போனால் அந்தப் பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதிக்கொள்வார்கள். உள்ளே இருப்பவனைப் பற்றியும் கவலைப்படாதே.

மீன் தின்கிற மனுஷன், எழுந்து நடக்கவே சோம்பல், இவன் பேச்சைக் கேட்பதா என்று சடையன் நினைத்தான். ஐயோ, அன்றைக்கு அந்தப் பருத்த மனுஷன் ஒருத்தன்தான் சரியாகப் பேசினான். சின்னதம்பி புத்தகத்தில் இல்லாதவன். புத்தகத்தில் இல்லாதவனை வைத்துக்கொள்ளக் கோல்காரனுக்கு அதிகாரம் கிடையாது. மறுநாளே வெளியே தள்ளியாக வேண்டும். இது சார்ஜந்துவுக்குத் தெரியும், சடையனுக்குத் தெரியாது.

சடையனுக்குத் தெரிந்ததெல்லாம் குப்பத்து நியாயம். அங்கே பாட்டில் தப்புச் செய்தவன் தானாக வந்து ஊர் நடுவில் நின்று, ஆமாம் செய்தேன், மன்னிச்சுக்குங்க என்று சொல்லிவிட்டால் பாதித் தப்பு அப்போதே போய்விடும். மீதிக்குக் கொஞ்சம் திட்டு, கோயிலில் ஒரு விளக்கு, முடிந்தது. வராமல் ஒளிந்தவனுக்குத்தான் கோபமெல்லாம். ஆகவே அங்கமுத்து வந்து நிற்க வேண்டும். நின்றால் சின்னதம்பியும் வெளியே வருவான், அங்கமுத்துவும் வீட்டுக்குப் போவான். இப்படி முடிவுகட்டிக்கொண்டு பொழுது விடிந்ததும் தோணியில் அக்கரைக்குப் போய்க் காட்டூருக்கு நடந்தான்.

அங்கமுத்து வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தான். சடையனைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, குழந்தைகள் சாப்பிட்டார்களா என்றுதான் முதலில் கேட்டான். சடையன் விஷயத்தைச் சொன்னான். கங்காதரன் குறுக்கே வந்தார். பத்து நாள் இங்கேயே இருக்கட்டுமே, வேலைக்கு ஆள் வேண்டும், சோற்றுக்குக் குறைவில்லை, வேண்டுமானால் பெண்டாட்டி பிள்ளையையும் கூட்டி வாருங்கள் என்றார். வேற்று மனுஷனுக்கு இருந்த அறிவு. அங்கமுத்து சடையன் முகத்தையே பார்த்தான்.

"அடிப்பாங்களா மச்சான்?"

"நான் முன்னால நிக்கறேன்டா. இது நான் வெச்ச முறை, இவன் மேல தப்பு இல்லன்னு நானே சொல்றேன். என்னத் தாண்டி ஒம்மேல கை வெப்பாங்களா?"

அங்கமுத்துவுக்கு அது போதுமாயிருந்தது. வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு புறப்பட்டான்.

இரண்டு பேரும் வந்துகொண்டிருக்கிறார்கள். ஏரிக்கரை தெரிகிறது, தோணிகள் தெரிகின்றன. எதிரே வேகவேகமாக ஒருவன் வருகிறான். யார் என்று பார்த்தால் சின்னதம்பி. காலையில் இடுப்பில் நாலு உதை கொடுத்து, போடா என்று வெளியே தள்ளிவிட்டார்களாம். உங்களைத் தடுக்கத்தான் ஓடிவருகிறேன் என்று மூச்சு வாங்கினான். சார்ஜந்துவே கேசவனை அனுப்பிச் சொல்லச் சொன்னாராம், அங்கமுத்து இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று.

மூன்று பேரும் அந்த மணலில் நின்றார்கள். இன்னும் நூறு இருநூறு அடி நடந்தால் தோணித்துறை. அங்கமுத்து மெதுவாகக் கேட்டான்.

"அப்ப திரும்பிடலாமா மச்சான்?"

இந்த இடத்தைத்தான் சடையன் சாகிற வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை. காட்டூர் பின்னாலேதான் இருந்தது. ஆனால் சடையனுக்கு அந்த நேரத்தில் தன் மரியாதைதான் பெரிதாகப் பட்டது. தான் கூட்டி வந்த ஆள், தான் ஏற்றுக்கொண்ட பேச்சு. ஒளிந்து திரிகிற மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு நாளைக்குக் கரையில் நின்று பாடு கூப்பிடுவது எப்படி என்று தோன்றிற்று.

"வந்தது வந்துட்டோம். ஒரு வார்த்த சொல்லி முடிச்சுக்கினு வந்துடலாம். எத்தினி நாளு மறைஞ்சு திரிவ?" என்றான்.

கோட்டைவாசலில் கோல்காரன் ஒன்றும் கோபப்படவில்லை. அங்கமுத்துவின் இடதுகையைத் தூக்கிப் பார்த்தான். நுனியில்லாத சுண்டுவிரலைப் பார்த்ததும், சரியான ஆள்தான் என்பதுபோலத் தலையை ஆட்டினான். தானாக வந்தான் என்று சடையன் மூன்று தரம் சொன்னான், கேசவனும் மூன்று தரம் சொன்னான். அது புத்தகத்தில் ஏறவில்லை.

இரண்டு நாள் கழித்து விசாரணை. நீள மேசைக்குப் பின்னால் கப்பித்தான், லெப்தினான், இன்னும் மூன்று பேர். ஓரத்தில் அந்தச் சட்ட அதிகாரி, அவன் பக்கத்தில் கோல்காரன். சார்ஜந்து சுவரோரம் நின்றான். ஒரு தடவைகூட சடையனை நிமிர்ந்து பார்க்கவில்லை. அங்கமுத்துவை நடுவில் நிறுத்தினார்கள், சடையன் பக்கவாட்டில். சடையன் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தான். எங்கள் ஊரில் முறை வீட்டுக்குச் சொந்தம், ஆளுக்கில்லை. நான்தான் இப்படி வைத்தேன். இவன் வருகிறேன் என்றுதான் சொன்னான், நான்தான் ஏரிக்குப் போகச் சொன்னேன்.

சட்ட அதிகாரி ஒரு தாளிலிருந்து எதையோ நீளமாக வாசித்தான். கேசவன் அதைக் குனிந்து சடையன் காதில் சொன்னான். ஓடிப்போன சிப்பாய்க்கு அடியும் சங்கிலியும். ஆனால் காவல் தலைவனே பொய்யாளை நிறுத்தி ஏமாற்றியிருந்தால் அவனுக்குத் தூக்கு.

"பாத்துப் பேசு சடையா. தலைவன் நீதான?" என்றான் கேசவன். அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான்.

சடையன் குனிந்து தன்னையே பார்த்தான். இடுப்பில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. கட்டிக்கொண்டு வராமல் இருந்திருக்கலாம் என்று தோன்றிற்று. அப்புறம் வீடு, மனைவி, தன் பிள்ளைகள் என்று வரிசையாக வந்தது. பயந்துவிட்டான். சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, பயந்துவிட்டான்.

உனக்குப் பதில் வேறொருவனை நிறுத்தச் சொன்னது யார் என்று அங்கமுத்துவைக் கேட்டார்கள். அங்கமுத்து சடையனைப் பார்த்தான். இப்போது மச்சான் பேசுவான் என்ற பார்வை, அதில் சந்தேகமே இல்லை. சடையன் தரையைப் பார்த்தான். மறுபடி கேட்டார்கள். அங்கமுத்து இரண்டாம் தடவை பார்த்தான். இந்தத் தடவை கொஞ்ச நேரம் பார்த்தான். மச்சான் பயந்துவிட்டான் என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். பிறகு மேசைப் பக்கம் திரும்பிவிட்டான்.

"யாரும் சொல்லல. நானாத்தான் அனுப்பிச்சேன்."

கேசவன் அதைச் சொன்னான், எழுத்தன் எழுதிக்கொண்டான். இவன் மேல் தப்பு இல்லை என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. எழுத்தனின் இறகு காகிதத்தில் கீறுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. கப்பித்தான்கூடச் சடையனை ஒரு முறை பார்த்தான், ஏதாவது சொல்வாயா என்பதுபோல. சடையன் இல்லை என்று தலையசைத்தான்.

முற்றத்தில் நாற்பது அடி. அதன் பிறகு ஐந்து வருஷம் சங்கிலியோடு, கடல் தாண்டி ஜாவாத் தீவில் இருக்கிற பத்தாவியாவில் வேலை. அடி கொடுக்கிறபோது காவலர் பன்னிரண்டு பேரும் வரிசையில் நின்று பார்க்க வேண்டும் என்பது உத்தரவு. காலியான இடத்துக்கு அன்றைக்கே ஒரு ஆளைக் கேட்டார்கள். சடையன் கொப்ரால் ஆயிற்றே, முதல் ஆளாக நின்று பார்த்தான். இருசம்மாளை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அவளுக்குச் சத்தம் மட்டும் கேட்டது.

கப்பல் எட்டாம் நாள் போயிற்று. கரையிலிருந்து கப்பலுக்குப் படகில் கொண்டுபோகும்போது அங்கமுத்து மனைவியிடம் இரண்டு வார்த்தை பேசினான். பிள்ளைகளைக் காட்டூருக்குக் கூட்டிப் போகாதே, உன் அண்ணன் பார்த்துக்கொள்வான் என்றானாம். சடையனைப் பற்றி அவளிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்தது கேசவன் சொல்லித்தான். துபாஷிக்கும் மனசு என்று ஒன்று உண்டே. உள்ளே வைத்துக்கொண்டு அவனால் தூங்க முடியவில்லை. ஒருநாள் குப்பத்துக்கு வந்து அவளிடம் முழுக்கக் கொட்டிவிட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு இருசம்மாள் அண்ணனோடு பேசவில்லை. சண்டை போடவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அதைச் செய்திருந்தால் சடையனுக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் அரிசி கொண்டுபோய் வைத்தால் அது வைத்த இடத்திலேயே இருக்கும், கோழி கொத்தும். சிவப்புத் துணியைக் கோட்டையிலேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டான். உடம்பு முடியவில்லை என்று காரணம் சொன்னான். அவர்கள் ஏன் என்று கேட்கவுமில்லை, வேறு ஒருவன் இடுப்பில் கட்டினார்கள். காவலுக்கு இப்போது புத்தகத்தில் பெயர் உள்ளவன் மட்டும்தான் போனான்.

ஐந்து வருஷம் என்றார்களே தவிர, பத்தாவியாவுக்கு அப்படிப் போன யாரும் குப்பத்துக்குத் திரும்பி வந்ததாகக் கேள்வியில்லை. அடுத்து வந்த கப்பலில் பேச்சுவாக்கில் ஒரு மாலுமி சொன்னான், அந்தத் தடவை போனவர்களில் பாதிப் பேர் கடலிலேயே போய்விட்டார்கள் என்று. எந்தப் பாதி என்று அவனுக்குத் தெரியவில்லை.

முகத்துவாரம் தூர்ந்துபோய் ஆடியிலிருந்து பாடே நின்றிருந்தது. தை பிறந்து, நீர் தெளிந்து, பாடு மறுபடி தொடங்கியது. ஒருநாள் காலை கரையில் எல்லா வீட்டு ஆட்களும் கூடியிருந்தார்கள். அன்றைய முதல் பாடு அங்கமுத்து வீட்டுக்கு. முறைப்படி பங்காளி போகலாம். சின்னதம்பி வலையோடு தயாராக நின்றான். சடையன் அவனைக் கையமர்த்திவிட்டு, தன் சொந்த வலையைத் தோணியில் ஏற்றி வைத்தான். எத்தனையோ நாளாக மனதில் வைத்திருந்தது. இந்தப் பாட்டையும், இனி வருகிற எல்லாப் பாட்டையும் அவனுக்காகத் தானே செய்ய வேண்டும் என்று. பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தபோது இருசம்மாள் கூட்டத்துக்குள்ளிருந்து வந்து தோணிக்கு முன்னால் நின்றாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நான் போறேன்மா. மாப்ள பாடு இது. புடிக்கறத அப்டியே கொண்டாந்து ஒன் வாசல்ல கொட்டறேன்" என்றான் சடையன்.

"வேணாம்."

"முறைதான இருசா..."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"அவரு எடத்துல இன்னொருத்தன் நின்னது தப்புன்னு அவங்க கேட்டாங்களே, அங்க வாயத் தொறந்து இதான் எங்க முறைன்னு சொல்ல ஒன்னால முடியல. இங்க மட்டும் இன்னா முறை? அவரு பாடு அவரு வந்து பாத்துக்குவாரு. வரலன்னா சும்மா கெடக்கட்டும். ஒங்கையால வேணாம்."

சொல்லிவிட்டு மணலில் நடந்து போய்விட்டாள்.  சின்னதம்பி தன் வலையைக் கீழே போட்டுவிட்டான். சடையன் தோணியிலிருந்து வலையை இறக்கினான், ஈரமில்லாத லேசான வலைதான், ஆனாலும் இறக்க வெகு நேரம் ஆயிற்று. நீர் வடிய ஆரம்பித்திருந்தது. ஒரு வீடு தன் பாட்டை வேண்டாம் என்று விட்டுவிட்டால் அந்த இடம் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும், அதுவும் முறைதான். அடுத்தது பச்சைமுத்து வீடு. கூப்பிட வேண்டியவன் சடையன். எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் கூப்பிட்டான்.